காவல்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார்

— 'ஆஸ்பத்திரிக்கே சீக்கு வந்தா, அதை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்கம்மா?'ன்னு என்ற சின்னவ அன்னிக்குக் கேட்டா பாருங்க, சின்னையண்ணா. பிரசவ வார்டு ஓடு சரிஞ்சு உளுந்த அன்னிக்கு.

— நீ என்ன சொன்னே, மருதாத்தா?

— வாயை மூடிட்டுக் கூழைக் குடின்னேன். ஏனுங்ண்ணா, களுத்தைத் திருப்பறீங்களே!

— கொசுவை ஓட்டினேன், அம்மிணி. பொழுது உளுகற வரைக்கும் காவக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான், ஆரு எதைக் கொண்டாந்து வெச்சாலும் பேரு கேக்க மாட்டான்னு தமுக்கடிச்சுச் சொல்லிப்போட்டேன். முப்பது வருசக் காவக்காரன் வாக்கு. நான் திரும்பலைன்னு நாளைக்குச் சொல்லத்தான் உன்னையும் ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டி வேப்பமரத்தைப் பாக்க உக்கார வெச்சிருக்கறேன்.

— நெசமாலுமே கொண்டாந்து வெப்பாங்களா? ஆஸ்பத்திரியைப் பூட்டின நாலு வருசத்துல ஊரே சேந்து அள்ளிட்டுப் போயிருச்சு. பூட்டின பூட்டையே கொண்டு போயிட்டாங்க!

— வெச்சுத்தான் ஆவோணும். ரெஜிஸ்தர்ல இருக்கற சாமான் இருந்தா மறுக்கா தொறப்பாங்க. இல்லீன்னா வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம்னுகூடப் பாக்க மாட்டாங்க, இடிச்சுக் கல்லை ஏலம் விட்டிருவாங்க. நாளைக்குப் பாலக்காட்டுல இருந்து ஆபீசரு வர்றாருன்னு சொன்னப்புறந்தான் ஊருக்கு உறைச்சிருக்குது.

— தொறக்கோணும் சாமி. என்ற பெரியவ கமலாத்தாளுக்கு ஆவணியில பிரசவம். போன வருசம் சுப்பாத்தா சித்தூரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மாட்டு வண்டியிலயே பெத்துப்போட்டா. வண்டிக்காரன் மயங்கி உளுந்துட்டான். மாடுதான் வழி பாத்து ஊடு கொண்டாந்து சேத்துச்சு.

— இரு, இரு. என்னமோ சத்தம்.

— கிரீச்சு, கிரீச்சு. நோயாளியைத் தள்ளிட்டுப் போற வண்டி. அப்புசாமியண்ணன் தக்காளிக் கூடை ஏத்தறது.

— பேரைச் சொல்லப்படாது!

— நான் சக்கரத்தைத்தானுங்க சொன்னேன்.

— சக்கரத்தோட நிறுத்திக்க.

— இப்ப ணங்குன்னு ஒண்ணு. தராசுங்க! பச்சப்புள்ளைங்களை நிறுக்கற தராசுல நாலு வருசமாச் சந்தையில கத்திரிக்கா நிறுத்தாங்க. கூடவே ஒரு இருமலு. அது குப்பண்ண...

— இருமலுக்குப் பேரு கெடையாது, அம்மிணி.

— சரிங்க. அடுத்தாப்புல வளையல் சத்தம். பீங்கான் சட்டி. நாச்சம்மா புளி கரைக்கற சட்டியாட்ட இருக்குது.

— எந்தச் சட்டி? ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் சப்பையா இருக்குமே, அதா?

— அதேதானுங்க. படுத்த படுக்கையாக் கெடக்கறவங்களுக்கு இடுப்புக்குக் கீள வெப்பாங்களே. பாவம், அவளுக்கு அது தெரியாது.

— தெரியாமயே இருக்கட்டும். போன மாசம் அவ ஊட்டு விருந்துல மூணு தரம் ரசம் வாங்கிக் குடிச்சேன்.

— நானும் குடிச்சனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

— அதுதான் அம்மிணி எனக்கும் சங்கடமா இருக்குது.

— அண்ணா, பொழுது உளுந்திருச்சு. இனித் திரும்பலாமுங்களா?

— திரும்பு, திரும்பு. அப்பாடா, களுத்து மரக்கட்டையாட்ட ஆயிருச்சு. வா உள்ள. நான் ரெஜிஸ்தரைப் படிக்கறேன், நீ பாத்துச் சொல்லு. தராசு ஒண்ணு.

— இருக்குதுங்க. கத்திரிக்கா ஒண்ணும் சேத்து இருக்குது.

— கத்திரிக்காயை வெளிய போடு. தள்ளுவண்டி ஒண்ணு.

— இருக்குதுங்க.

— கட்டலு ஆறு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து, பதினொண்ணு.

— ஆறு, அம்மிணி. ஒழுங்கா எண்ணு.

— பதினொண்ணுங்ண்ணா. இரும்புக் கட்டலு ஆறு. கயித்துக் கட்டலு அஞ்சு.

— அட கெரகமே! கொறைஞ்சாலும் தப்பு, கூடுனாலும் தப்பு. ரெஜிஸ்தர்ல இல்லாத கட்டலு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அஞ்சை ஆராச்சும் திருடிட்டுப் போனாத் தேவலை.

— நாலு வருசமாத் திருடுன ஊருங்க. இன்னிக்குன்னு பாத்து ஒருத்தரையும் காணோமே!

— இதெல்லாம் எடுக்காதவங்க ஊட்டுக் கட்டலா இருக்குது. எதுக்குக் கொண்டாந்தாங்க?

— அண்ணா...

— என்ன அம்மிணி?

— இது எங்க ஊட்டுக் கட்டலுங்க. கால்ல பாருங்க, எங் கமலாத்தா பல்லு மொளைக்கறப்பக் கடிச்ச தடம். நான் அங்க உக்காந்திருக்கறப்பவே என்ற முதுகுக்குப் பொறகால வந்து வெச்சுப்போட்டுப் போயிருக்காரு.

— ஆரு?

— பேரு கேக்க மாட்டேன்னு தமுக்கடிச்சீங்க. கேட்டாலும் ஊட்டுக்காரரு பேரை நான் எப்படிங்க சொல்றது?

— அவரு இங்கிருந்து ஒரு ஆணியைக்கூட எடுக்கலையே!

— எடுக்கலீங்க. கமலாத்தா இந்த வார்டுலதான் நீலம் பாஞ்சு, அழுகாமப் பொறந்தா. டாக்டரம்மா அவ வாயில ஊதி ஊதிப் பொளைக்க வெச்சாங்க. இவரு வெளிய போயி மரத்தடியில நின்னுக்கிட்டாரு. அந்தம்மா மாத்தலாகிப் போறப்பக்கூட ஒண்ணும் சொல்லலை. இருவது வருசம் ஆச்சு. மறந்துட்டாருன்னுதான் நெனச்சிருந்தேன்.

— ஊட்டுல வேற கட்டலு இருக்குதா?

— இல்லீங்க. இனிப் பாயிலதான் படுக்கோணும். கட்டலு எங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. நான் பாத்தது அவருக்குத் தெரியவும் வேண்டாமுங்க.

— சரி, கண்ணைத் தொடை. அஞ்சும் இங்கயே கெடக்கட்டும். ஊர்க்காரங்க பிரியப்பட்டுக் குடுத்ததுன்னு உள்ளதை உள்ளபடி எழுதிப்போடறேன்.

— அப்ப நாளைக்கு ஆபீசரு எத்தனை மணிக்குங்க வர்றாரு? ரெண்டு முறுக்காவது சுட்டு வெக்கோணுமே.

— முறுக்குக்கு இப்ப அவசரமில்லை, அம்மிணி.

— ஏனுங்க?

— மறுக்கா தொறக்கச் சொல்லி அவருக்கு இனித்தான் அபேட்சை மனுவே எழுதோணும். ஒண்ணுமே இல்லாத கட்டடத்துல சாமானெல்லாம் பத்திரமா இருக்குதுன்னு பொய் எழுதக் கை வரலை. அதான் ஆபீசரு நாளைக்கு வர்றாருன்னு ஊருக்கு ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டேன்.