தம்பதியாய் முழுகி வந்தவர்கள்

உலகச் சண்டை முடிந்த மறுவருசம். ராமேசுரத்திலிருந்து மதுரைக்கு வருகிற பாசஞ்சர் வண்டி பரமக்குடியில் வெகுநேரம் நின்றுவிட்டது. எல்லாரும் வைதார்கள். எனக்கு எதிரே புருசனோடு உட்கார்ந்திருந்த கிழவி மட்டும், "நிக்கட்டும், பொழுதடைய நிக்கட்டும்" என்றாள்.

"ஏன் ஆத்தா, வீடு போய்ச் சேர வேண்டாமா?" என்றார் என் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்காரர்.

"எந்த வீட்டுக்குய்யா? மகனுக பாகம் பிரிச்சப்ப எங்களையும் பிரிச்சுட்டானுக. இவுக பரளச்சியில பெரியவன்கிட்ட. நான் காரியாபட்டியில சின்னவன்கிட்ட."

"பெறகு எப்படி ஒண்ணா வந்தீக?"

"சேதுவுல பெத்தவுக தம்பதியா முழுகுனாத்தான் பிள்ளைகளுக்குப் புண்ணியமாம். சோசியர் சொல்லிட்டாரு, அனுப்பிட்டானுக" என்றார் கிழவர்.

மானாமதுரை வந்தது. கிழவர் இறங்க வேண்டிய இடம் அது, கிழவிக்கு மதுரை. ஈரத்துணி மூட்டையைப் பிரித்துத் தன் வேட்டி துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார்.

கிழவி ஜன்னல் வழியே குனிந்து கேட்டாள்: "நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் போயிட்டா, இன்னொருத்தருக்கு ஆள் விட்டுச் சொல்லுவானுகளா?"

"சொல்லாம என்ன? எடுத்துப் போடுற செலவுல பாதி கேக்கணும்ல" என்றார் கிழவர்.