தீப்பெட்டியில் வந்த ஈ

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா, காகிதம் பறக்கிறது. ஏழு வருஷமாக ஈயைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது. இந்த வாக்குமூலத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வீட்டு ஈக்கும் முதுகில் நாலு கோடு உண்டு, ஊஜி ஈக்கும் உண்டு. அதனால் முதுகைப் பார்த்து ஏமாறக்கூடாது, வயிற்றைப் பார்க்க வேண்டும். ஊஜிக்கு வயிறு கூம்பி, பட்டை பட்டையாக இருக்கும்; நுனியில் முள்ளு முள்ளாக மயிர் நிற்கும். ஆளும் பெரியது. பட்டுப்புழுவின் மேல் முட்டை வைக்கும். பொரித்தது உள்ளே துளைத்துப் போய்த் தின்னும். துளைத்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும்.

எண்பத்தொன்றில் பாலக்கோட்டுப் பக்கம் அதை யாரும் கண்டதில்லை. நான் புழு வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருந்தேன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஈ வந்துவிட்டதால், அங்கத்திய பட்டுக்கூடுகளைக் கொண்டுவரக் கூடாதென்று உத்தரவு. மச்சானுக்காக ஒரு மூட்டை கொண்டுவந்தேன். பஸ் கிடைக்காமல் இன்னாசியம்மாள் வீட்டுப் புழு அறையை ஒட்டி இரண்டு நாள் போட்டுவைத்தேன். எடுக்கும்போது மூட்டைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் அந்த வீட்டுப் புழுவெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, கூடு கட்டும் முன்பே செத்தது. விலக்கான பெண் புழு அறைக்குள் போகக் கூடாது என்பது அங்கே வேதக்காரர் வீட்டிலும் வழக்கம். மாமியார் இன்னாசியம்மாள் மருமகள் ராஜமேரியைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜமேரி தீப்பெட்டியோடு என் ஆபீசுக்கே நடந்து வந்தாள்.

"சார், இது புழு மேலயே உக்காருதுங்க, என் கண்ணால பாத்தேன். என்ன ஈன்னு எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி என்னைய வூட்ட வுட்டுத் தொரத்திருவாங்க. புள்ளையக் குடுக்க மாட்டாங்க சார்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதுகு, வயிறு, நுனி மயிர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெயரைச் சொன்னால், அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். வேலை போய்விடும்.

"வீட்டு ஈம்மா" என்றேன்.

மறுநாள் இன்னாசியம்மாளே வந்து கேட்டாள்: "தீட்டுப் பட்டா புழு சாவுமுங்களா சார்?"

"சுத்தம் முக்கியம்தாங்க" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

அன்றைக்கே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ராஜமேரியை வெளியே தள்ளினார்கள். மூன்றாம் நாள் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் எடுக்கப் போய்க் கால் வழுக்கியதாக எழுதி முடித்தார்கள்.

வழுக்கவில்லை ஐயா. நான் சொன்ன ஒரு வார்த்தையில்தான் போனாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு பென்னாகரம் வரைக்கும் நாற்பது ஊரில் அந்த ஈயைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் மருமகள்மேல் பழி விழ விட்டதில்லை. ராஜமேரி உயிரோடிருந்தால் அவளே என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லுவாள்.