இரண்டாவது அட்மின்

எங்கள் பள்ளியில் முதன்முதலில் வகுப்புக்கென்று ஒரு வலைத்தளம் வைத்த ஆசிரியர் நான்தான். கொரோனா வருடத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது, திருச்சுழியில் என் வீட்டு மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினேழு நாளில் நானே கற்றுக்கொண்டு செய்தேன். கணிதச் சுடர் என்று பெயர். மேலே என் படம். கீழே சூத்திரங்கள், பழைய வினாத்தாள்கள், நான் எழுதிய தன்னம்பிக்கைக் கட்டுரைகள் ஆறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் ஓடும். நான்கு வருடத்தில் அது அறுநூற்றுப் பதினொன்றைத் தொட்டது. அதில் பாதி நானே திறந்து பார்த்தது என்பதை மறைக்கவில்லை.

நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள், மேடம். இதுவும் நடந்ததுதான்.

பியூலா டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. தமிழ் ஆசிரியை. பாளையம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்த இரண்டாம் மாதம் ஆசிரியர் அறையில் என் மேசை அருகே வந்து நின்றார்.

"சார், வெப்சைட்டு நீங்கதான் மொதல்ல பண்ணீகளாம். எச்.எம். சார் சொன்னாக. என் கிளாஸுக்கும் ஒண்ணு பண்ணணும். எனக்கு ஒண்ணும் தெரியாது சார், கொஞ்சம் சொல்லித் தாங்க."

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான்கு சனிக்கிழமை அவருக்காகப் பள்ளிக்கு வந்தேன். எல்லாவற்றையும் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். கடைசி நாளில் அவரே சொன்னார், "உங்களையும் அட்மினா போட்டுக்கோங்க சார். நான் எதையாவது தப்பா அமுக்கிட்டா நீங்க சரி பண்ணீருவீங்கள்ல."

அப்படித்தான் நான் அந்தத் தளத்தின் இரண்டாவது அட்மின் ஆனேன். திருட்டுத்தனமாக உள்ளே போனேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. சாவியை என் கையில் கொடுத்தவர் அவர்.

அவர் தன் படத்தை எங்கேயும் போடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்தார். பிள்ளைகள் பாடம் வாசிப்பதைப் போனில் பதிந்து ஏற்றினார். கண்மாயில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, எந்தக் காட்டில் பருத்தி வெடித்திருக்கிறது என்று பிள்ளைகளே எழுதினார்கள். பிழையோடு எழுதினார்கள். அவர் திருத்தாமல் அப்படியே விட்டார். நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "எழுதட்டும் சார், அதுவா சரியாகும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆந்திராவில் முறுக்குக் கடை. மகன் வாசிப்பதைக் கடையில் சத்தமாகப் போட்டுக் கேட்டார்களாம். ஒரு தகப்பன் குண்டூரிலிருந்து எச்.எம். தனுஷ்கோடி சாருக்குப் போன் செய்து அழுதாராம். இதையெல்லாம் எச்.எம். காலை வழிபாட்டில் மைக்கில் சொன்னார்.

என் மனைவி முத்துலட்சுமியும் கேட்க ஆரம்பித்தாள். வெண்டைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருப்பாள். அவளுக்குப் பிடித்தது சுகப்பிரியா என்ற பிள்ளையின் வாசிப்பு. "என்னமா வாசிக்கிதுங்க இந்தப் புள்ள. மணி அடிச்ச மாதிரி இருக்கு" என்பாள். கணிதச் சுடரை என்றைக்காவது திறந்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"அதுல என்னங்க இருக்கு, கணக்குதான?"

அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பியூலா டீச்சரின் தளத்துக்கு மாவட்ட அளவில் பரிசு கொடுத்தார்கள். விருதுநகரில் விழா. நானும் போயிருந்தேன். மேடையில் அவர், "தொழில்நுட்ப உதவி செஞ்ச பூமிநாதன் சாருக்கு நன்றி" என்றார். பத்திரிகையில் அதுவும் வரவில்லை. செய்தியில் எழுபத்திரண்டு சொற்கள் இருந்தன. நான் மூன்று முறை படித்தேன்.

அந்தத் தளத்தில் 'டீச்சர்கிட்ட மட்டும்' என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளை தன் பக்கத்தில் எழுதினால் அந்தப் பிள்ளைக்கும் அட்மினுக்கும் மட்டும் தெரியும். பதில் போட்டால் 'ஆசிரியர்' என்று மட்டும்தான் காட்டும். எந்த ஆசிரியர் என்று காட்டாது. அந்த வசதியை வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

பரிசு வந்த வாரத்தில் அதை வாசிக்கத் தொடங்கினேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. புதுச் சட்டை, அண்ணன் அடித்தது, அப்பா குடித்துவிட்டு வந்தது, கனவில் பாம்பு வந்தது. எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு பிள்ளை தன் கனவை என்னிடம் சொன்னதில்லை.

சிலவற்றை அவர் பார்ப்பதற்கு முன் அழித்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. கோகுல் என்ற பையன் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "டீச்சர் எனக்கு மட்டும் பதில் போடல" என்று பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பியூலா டீச்சர் காரணம் தெரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் மாதத்துக்கு ஒன்றிரண்டு அழித்தேன். அளவோடுதான் செய்தேன்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

கோடை விடுமுறை. பியூலா டீச்சரின் அம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன், சில நாள் போன் எடுக்க முடியாது என்று ஆசிரியர்கள் குழுவில் அவர் போட்டிருந்தார். அதற்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு நான் தளத்தைத் திறந்தேன். சுகப்பிரியா எழுதியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். தகப்பன் இல்லை. அம்மா மூக்கம்மாள் காட்டு வேலைக்குப் போகிறவர். அந்த அம்மாவின் போனிலிருந்துதான் எழுதியிருந்தாள். எனக்கு மனப்பாடம், சொல்கிறேன்.

"டீச்சர், எனக்கும் பந்தல்குடி மாமாவுக்கும் வைகாசி பதினெட்டு கல்யாணம்னு பேசிட்டாக. மாமாவுக்கு இருபத்தொம்பது வயசு. எனக்கு பதினஞ்சுதான் ஆகுது. நான் பத்தாவது படிக்கணும். நீங்க ஒருவாட்டி வந்து அம்மாகிட்ட பேசுங்க. நீங்க சொன்னா அம்மா கேக்கும். வேற யாருகிட்டயும் சொல்ல எனக்கு பயமா இருக்கு."

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கணக்கில் அறுபது, அறுபத்தைந்து எடுப்பாள், அமைதியானவள். நான் யோசித்தது வேறு. பியூலா டீச்சர் இதைப் பார்த்தால் அன்றைக்கே கிளம்பி வருவார். கல்யாணம் நிற்கும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். 'வகுப்பு வலைத்தளத்தால் மாணவியை மீட்ட ஆசிரியை' என்று போடுவார்கள். தலைப்பின் எழுத்து அளவுகூட என் கண்முன் வந்தது. எச்.எம். அதை மைக்கில் வாசிப்பார். என் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அதைப் பேசுவார்கள். அந்தத் தளத்தை நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து கட்டியவன் கைதட்டிக்கொண்டு கீழே நிற்பான்.

அழித்துவிட்டால் அவள் மறுபடி எழுதுவாள். அதனால் பதில் போட்டேன்.

"அன்புள்ள மாணவிக்கு, பெற்றோர் எடுக்கும் முடிவு உன் நன்மையைக் கருதியே இருக்கும். குடும்ப விஷயங்களை இங்கே எழுதுவதைத் தவிர்க்கவும். பெரியோர் சொல்படி நடந்துகொள்ளவும். ஆசிரியர்."

இருபது நிமிடம் கழித்து அவள் எழுதினாள். "சரிங்க டீச்சர்."

அவ்வளவுதான். இரண்டு தரப்பையும் அழித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லா வகுப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். அவள் நினைத்திருந்தால் கூப்பிட்டிருக்கலாம். வகுப்பறை பூட்டியிருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான்.

வைகாசி பதினெட்டாம் தேதி காலையில் நரிக்குடிப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. அப்படித்தான் வீட்டில் சொன்னேன். கல்யாணம் நடந்த அவர்கள் குலசாமி கோயில் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கருவேல மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பைக்கை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று பார்த்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். பியூலா டீச்சர் எப்படியாவது கேள்விப்பட்டு வந்துவிடுவாரோ என்றுதான் எனக்குக் கவலை. வரவில்லை. சுகப்பிரியா சிவப்புச் சேலை கட்டியிருந்தாள், தோளில் நிற்கவில்லை. யாராவது ஒருத்தி அதை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி இருந்தாள். தாலி கட்டும்வரை அந்தப் பிள்ளை மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் நான் திரும்பிவிட்டேன்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் பியூலா டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தம்மா என்ன சொல்லுதுன்னா சார், 'நீங்க எழுதுனதப் பாத்தப்புறந்தான் டீச்சர் அவ அழுகைய நிப்பாட்டுனா'ங்குது. நான் எழுதவே இல்ல சார். அந்தம்மா போன்ல அத போட்டோ புடிச்சு வச்சிருக்கு அந்தப் புள்ள. என் சைட்டுதான். 'ஆசிரியர்'னு இருக்கு. யாராச்சும் உள்ள பூந்து எழுத முடியுமா சார்?"

"பிள்ளைகள் யாராவது பாஸ்வேர்டைப் பார்த்திருப்பார்கள்" என்றேன்.

"மாத்தீருங்க சார். இப்பவே மாத்தீருங்க."

மாற்றிக் கொடுத்தேன். அவர் அங்கேயே என் எதிரில் உட்கார்ந்து 1098-க்குப் போன் செய்தார். அந்தப் போனைச் செய்யாமல் இருந்திருந்தால் அவர் பெயர் இதில் வந்திருக்காது. எனக்கு அது விளங்கவே இல்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1098-லிருந்து தகவல் வந்து உங்கள் ஆட்கள் பந்தல்குடிக்குப் போனபோது சுகப்பிரியா அங்கே இல்லை, மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்பு பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்திருந்தாள். பிழைத்துவிட்டாள். தொண்டைதான் வெந்துவிட்டது, குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார்களாம். இதை முத்துலட்சுமியிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் பழைய வாசிப்பை அவள் போட்டபோது மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

தெரிந்தும் மறைத்தார் என்று பியூலா டீச்சரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். தளத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடும் வேலையை எச்.எம். என்னிடமே கொடுத்தார். நான்கு நிமிடம் ஆனது. இனிமேல் பிள்ளைகள் கணிதச் சுடரைப் பயன்படுத்தட்டும் என்று அவர் அறிவித்தார். அன்று ஒரே நாளில் முப்பத்தெட்டு பேர் திறந்தார்கள். என் மேசையில் உட்கார்ந்து அந்த எண் ஏறுவதைப் பார்த்தேன். மறுநாள் இரண்டு பேர். அடுத்த நாள் யாரும் இல்லை. பிள்ளைகள் பாளையம்பட்டிக்குப் பஸ் ஏறி பியூலா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்களாம். கோகுலும் போயிருந்தான்.

நேற்று என்னை அழைத்து, சுகப்பிரியா நோட்டில் எழுதிக் கொடுத்த பக்கத்தைக் காட்டினீர்கள். பேச முடியாததால் பென்சிலில் எழுதியிருக்கிறாள். "அது டீச்சர் எழுதினது இல்ல. டீச்சர் எங்களுக்கு பேரச் சொல்லித்தான் எழுதுவாக. கணிதச் சுடர்ல மாணவிக்குன்னு பூமிநாதன் சாருதான் எழுதுவாரு, தவிர்க்கவும்னும் அவருதான் எழுதுவாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுச்சு. டீச்சருதான் சார எழுதச் சொல்லிருக்காகன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் மறுத்திருக்கலாம். பாஸ்வேர்டு பற்றி நான் சொன்னதை நீங்கள் கிட்டத்தட்ட நம்பியிருந்தீர்கள். மறுக்கவில்லை. அந்தப் பதிலை எழுதியது நான்தான். அவள் எழுதியதை அழித்ததும் நான்தான். கல்யாணம் நடக்கும் என்று தெரிந்தே எழுதினேன், நடப்பதை நின்று பார்த்தேன். பியூலா டீச்சருக்கு இதில் ஒன்றும் தெரியாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த நோட்டுப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உண்மையில் என்ன தோன்றியது என்றால், இந்தப் பிள்ளை என் எழுத்தை இத்தனை ஊன்றிப் படித்திருக்கிறாளே என்பதுதான். நேற்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன், மேடம்.