உரிமம் வரும்வரை கைகொடுத்த மூச்சக்காவுக்கு

கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கட்டுக்குள் வைத்துக் காத்த கதிர்ப்பட அறையின் காவலரே, எலும்பின் மொழி அறிந்த ஏந்தலே, அஞ்சி நடுங்கி வருபவரையும் "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க" என்று சொல்லியே தெம்பாக்கி அனுப்பி, அதனாலேயே மருத்துவமனை முழுவதற்கும் மூச்சக்காவாகிப் போன எங்கள் முதுநிலைத் தொழில்நுட்பரே, வணக்கம்.

எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் கழுவிக் காயவைத்த காலத்தில் பணிக்கு வந்தீர்கள். கண்ணிமைக்கும் முன் திரையில் படம் வந்து நிற்கும் காலத்தில் விடைபெறுகிறீர்கள். தங்கள் பொறுமை கடலினும் பெரிது என்று எழுதத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் ஈயக் கவசத்தைக் கொக்கியில் மாட்டாமல் மடித்து வைத்தவர் எவரும் தங்கள் நாக்குக்குத் தப்பியதில்லையே. "அது என்ன போர்வையா? மடிச்சா உள்ள விரிசல் விடும். விரிசல் வழியா கதிர் உன்னைத் தேடி வரும்" என்ற அந்தக் குரலுக்குப் பயந்தே பலர் உருப்பட்டோம்.

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். தாங்கள் யார் என்று சொல்ல ஒருத்தியின் கதை போதும்.

கணவரின் வேலை மாற்றத்தால் இந்த ஊருக்கு வந்தவர் அவர். பட்டம் இருந்தது, பெரிய மருத்துவமனையில் பல ஆண்டு எக்ஸ்ரே எடுத்த அனுபவம் இருந்தது. எங்கள் பிரிவில் அவருக்கு இடமும் ஒதுக்கினார்கள். இங்கே அந்த வேலையைச் செய்ய உரிமம் மட்டும் இல்லை; அது வரும்வரை உதவியாளர் வேலை. "ஒரு மாசத்துல வந்துடும்மா" என்றார்கள் தொழில் உரிம மன்றத்தில். படித்த கல்லூரியிடம் உறுதிச் சான்று கேட்டார்கள். கல்லூரியோ வேறொன்றோடு இணைந்து பெயரே மாறிப் போயிருந்தது. அந்தச் சிக்கல் அவிழ்வதற்குள் மன்றம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. அங்கே நாற்காலி போட்டு உட்காருவதற்குள் இவருடைய அனுபவச் சான்று காலாவதியானது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். அம்மி நகர்ந்திருக்கும், மன்றம் நகரவில்லை. எப்போது தொலைபேசியில் கேட்டாலும் ஒரே பதில்: "நிலுவையில இருக்கும்மா."

எங்கள் வாய் சும்மா இருக்குமா? அவருக்கு நிலுவை என்றே பெயர் வைத்துவிட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே சக்கர நாற்காலி தள்ளினார். எக்ஸ்ரே அறை வாசல் வரை நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மூடும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னிக்காவது வந்துச்சா?" என்று மாலைதோறும் கேட்டுவந்த கணவர், ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினார். கேட்டபோது வலித்ததைவிட அது கூடுதலாக வலித்தது.

பிறகு வந்தது இடி. நெடுநாள் கருவியைத் தொடாததால் மன்றம் வைக்கும் செய்முறைத் தேர்வில் தேற வேண்டுமாம். தொடவிடாதவர்களே அவர்கள்தான். "தேர்வுல கோட்டை விட்டீங்கன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட வேண்டியதுதான்" என்றார் நிர்வாக அலுவலர்.

அன்று மாலை தாழ்வாரத்தில் தங்கள் எதிரே வந்து நின்றார் நிலுவை.

"எனக்குக் கையே மறந்துபோச்சுக்கா."

"கை மறக்காது. தலைதான் மறக்கும். நாளையிலேருந்து உள்ள வந்து நில்லு. கையைப் பின்னால கட்டிக்கோ. நீ சொல்லு, நான் செய்யறேன்."

அப்படித் தொடங்கியது அந்த விநோதப் பள்ளி. நிலுவை வாயால் சொல்வார். தாங்கள் சொன்னதை மட்டும் செய்வீர்கள், இம்மி கூட்டாமல், இம்மி குறைக்காமல்.

"மார்பைப் பலகையோட ஒட்டி நிக்க வைங்க. தோள் ரெண்டையும் முன்னால தள்ளுங்க. அவ்வளவுதான்க்கா."

"அவ்வளவுதானா? பெரியவர் தரையைப் பார்த்துட்டிருக்கார். எதைத் தேடறார்?"

"ஐயோ, தாடையைத் தூக்கச் சொல்ல மறந்துட்டேன்."

"தூக்கியாச்சு. இப்போ பொத்தானை அழுத்தலாமான்னு சொல்லு." நிலுவையின் சொல் முழுதாகச் சரியாகும்வரை தங்கள் விரல் பொத்தான் பக்கம் போனதே இல்லை.

கூட்டம் நெரிந்த ஒரு நாளில் மருத்துவர் ஒருவர் பொறுமையிழந்தார். "அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, அவங்களையே எடுக்கச் சொல்லுங்க. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன் டாக்டர்" என்றீர்கள்.

தேர்வு நாளும் வந்தது. நிலுவை உள்ளே போனார், படம் எடுக்க வந்திருந்த நோயாளி முன் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தாடையைத் தூக்குங்க. தோளை முன்னால கொண்டுவாங்க. முழங்கையை இன்னும் கொஞ்சம்..." என்று தேர்வாளருக்குக் கட்டளை போட்டுக்கொண்டே போனார். பழக்கதோஷம்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க கையை யாருகிட்ட குடுத்துட்டு வந்தீங்க?"

"எங்க அக்காகிட்ட சார்" என்று வாய் தவறி வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தபடியே கைகளை முன்னால் கொண்டுவந்தார். அவை தாமாகவே வேலையைத் தொடங்கின. ஒரே முயற்சியில் படம் விழுந்தது. தேர்வாளர் அதைத் திரையில் வெகுநேரம் பார்த்தார். திருத்தச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "அந்த அக்காவை நான் பார்க்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் மன்றம் மாதக்கணக்கில் மூச்சு காட்டவில்லை என்பது தனிக் கதை. தங்கள் ஓய்வு நாள் ஒரு பக்கம் நெருங்கியது, உரிமம் மறுபக்கம் நெருங்க மறுத்தது. இந்த வாரத் தொடக்கத்தில்தான் அது வந்தது. நிலுவை மூச்சிரைக்க ஓடிவந்து நீட்டினார். தாங்கள் அதைப் படித்தீர்கள், திருப்பிக் கொடுத்தீர்கள். "வெளியில ஆள் காத்திருக்காங்க, போ" என்றீர்கள். வாழ்த்து ஒன்றும் இல்லை. எங்களுக்கே கொஞ்சம் மனத்தாங்கல்.

நிர்வாக அலுவலர்தான் உண்மையை உடைத்தார். "அவளுக்குரிய படங்களையும் சேர்த்து நானே எடுக்கிறேன், இடத்தை மட்டும் விட்டுவைங்க" என்று தாங்கள் கேட்டுப் பெற்றதையும், இத்தனை காலம் இரண்டு பேர் வேலையை ஒருவராய் இழுத்ததையும். கேட்டதும் நிலுவை தங்களைத் தேடி ஓடினார். தாங்கள் உணவறையில் இருந்தீர்கள். உச்சி வேளையில், எழுந்து ஓடாமல், உட்கார்ந்து, நிதானமாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்படி ஒரு காட்சியை எங்களில் எவரும் அதுவரை கண்டதில்லை. நிலுவை தங்கள் குவளையில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிப் போனார்.

அறம் தவறாத அன்பே, சட்டத்தை வளைக்காமல் சகாயம் செய்த சால்பே, இனி எல்லா வேளையும் தாங்கள் அப்படியே அமர்ந்து உண்ண வேண்டும். உடல் நலமும் உள்ள நிறைவும் ஓடோடி வந்து சேரட்டும். முதுமை மட்டும் உரிம மன்றத்தின் வழியாக விண்ணப்பித்து, நெடுங்காலம் நிலுவையில் கிடந்து, மெல்ல வரட்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
எக்ஸ்ரே பிரிவினர்,
உரிமம் பெற்றோரும் இன்னும் காத்திருப்போரும்