கன்னத்தில் காணாத வலைத் தடம்

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, சாரின் மனைவியான எங்கள் அக்கா அவர்களே, வேலை உடையோடே வந்து நிற்கும் என் சக ஊழியர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் கதிர்சிகிச்சைப் பிரிவின் இயற்பியலாளரை நாம் மில்லிமீட்டர் சார் என்றுதான் கூப்பிட்டோம். "கிலோமீட்டர்னு வைக்காம விட்டீங்களே" என்பார். கதிர் எங்கே, எவ்வளவு பட வேண்டும் என்று கணக்கிடுவது அவர் வேலை. இயந்திரத்தை இயக்குவது என் வேலை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதற்குச் சற்று மேலேயே பார்வை நரம்புகள். சுரப்பியில் கட்டி வந்தால், கட்டியில் கதிர் பட வேண்டும், நரம்பு தப்ப வேண்டும். தலை அசையாமலிருக்க, முகத்துக்கு அளவெடுத்த வலை முகமூடியை மேசையோடு பூட்டுவோம்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு தையல்காரம்மா வந்தார். நோயில் உப்பியிருந்த முகத்துக்கு முகமூடி செய்தோம். மாத்திரையில் உப்பல் வற்ற வற்ற, முகமூடி தளர்ந்தது. நான் என்ன செய்தேன்? கன்னத்தின் இரு பக்கமும் துணியை மடித்துச் செருகினேன். புதிதாகச் செய்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும், வரிசையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

துணி செருகிய மூன்றாம் நாள் அந்த அம்மா வெளியே வந்தபோது, நடைவழியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சார் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, போன வாரம் கன்னத்துல வலைத் தடம் பதிஞ்சிருந்துச்சே. இன்னைக்கு எங்க?"

"முகம் வத்திடுச்சு சார். எங்க வீட்டுக்காரருக்கே இப்பதான் அடையாளம் தெரியுது. நீங்க கண்ணு வைக்காதீங்க."

சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். துணியைப் பற்றிச் சொன்னேன்.

சிகிச்சையை அன்றே நிறுத்தினார். மறுபடி ஸ்கேன், புது முகமூடி, புதுக் கணக்கு. பிறகு அந்த அம்மாவை உட்காரவைத்தார்.

"மூணு நாள் தலை கொஞ்சம் நகர்ந்திருக்கும்மா. நரம்புல நினைச்சதைவிடக் கூடப் பட்டிருக்கு. தப்பு எங்களோடது. அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா ஆச்சுன்னா உடனே தெரியாது, வருஷக்கணக்கா கூட ஆகலாம். விடாம பாத்துக்கிட்டே இருப்போம்."

"ஊசியில நூல் கோக்குற கண்ணு சார்" என்றார் அவர்.

சார் மறைத்திருக்கலாமே? யாருக்குத் தெரிந்திருக்கும்? எனக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டதால் மறைத்த பாரம் போய், பயம் மட்டும்தான் மிஞ்சியது. "எங்களோடது" என்று சொல்லி அதிலும் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கண் பரிசோதனைக்கும் நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

மூன்றாம் வருட அறிக்கை வந்தபோது சார் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். கையில் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் பார்வையில் குறையில்லை. கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "அப்பாடா" என்றார். சேர்ந்து வேலை பார்த்த பதினாறு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

மன்னித்துவிடுங்கள் அக்கா. இங்கே நிற்கும்போது எனக்கு அழுகையைவிட நிம்மதிதான் அதிகமாக இருக்கிறது. அந்தத் தாள் ஐந்து நாள் தாமதித்திருந்தால்?

தையல்காரம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். சாரின் படத்துக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணியின் ஓரத்தை நேற்று அவர்தான் கையால் தைத்தார்.

சாரின் நாற்காலிக்கு வேறொருவர் வருவார். நடைவழியில் அவர் தேநீர் குடித்த இடம் இனி என்னுடையது. நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் ஆள். முகமூடி கழற்றி வெளியே வருகிற ஒவ்வொருவர் கன்னத்தையும் பார்ப்பேன். தடம் இல்லையென்றால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், இயந்திரம் நிற்கும்.