ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடம்

உங்கள் மேசை ஆடுகிறது, சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையை ஊன்றி எழுதும்போதெல்லாம் இடது பக்கக் கால் ஒரு நூல் அளவுக்கு இறங்கி ஏறுகிறது. யாரோ ஒரு காகிதத்தை மடித்து அடியில் சொருகியிருக்கிறார்கள். அது சரிப்படாது. காகிதம் நசுங்கிக்கொண்டே போகும், நீங்களும் மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேசை ஆடினால் எல்லோரும் காலைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி தரை.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்தவனுக்கு யோசிப்பதற்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வலியோடு வருபவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வது அவள் வேலை. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. அதில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன: ஓடாத மின்விசிறி, ஸ்பிரிங் வெளியே வந்த சோஃபா, கழற்றிப்போட்ட பழைய கதவு, ஜோடியை இழந்த செருப்புகள். கார் தெருவில் நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

யோசனை அத்தானுடையதுதான். "மாப்ளே, சும்மாதானே இருக்கே. அந்த ஷெட்டை ஒழிச்சு உனக்குன்னு ஏதாவது பண்ணிக்கோயேன்" என்றார். 'உனக்குன்னு' என்றார், சார். அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒழித்தேன். கதவை இழைத்து மேற்பலகை ஆக்கினேன். உடைந்த கட்டிலின் சட்டங்கள் கால்களாயின. நிறுத்திப் பார்த்தால், உங்கள் மேசை மாதிரியே ஆட்டம். அப்புறம்தான் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஷெட்டின் தரையைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள். போட்ட கொத்தனாருக்கு ஒரு தோளும் சரிவு போல. இடது மூலையில் தனியாக ஒரு பள்ளம். ஆகவே நாலு காலையும் நாலு அளவில் வெட்டினேன். ஒரு கால் இன்னொரு காலுக்கு உறவே இல்லை. ஆனால் அந்தத் தரைமேல், அந்த இடத்தில் வைத்தால், ரசமட்டத்தின் குமிழி சரியாக நடுவில் வந்து நிற்கும். நின்றபோது கைதட்டினேன். ஷெட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு பின்பக்கச் சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன். யானை வந்து சாய்ந்தாலும் அசையாது.

அக்கா கிளினிக்கிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தாள். "வேலை தேடுடான்னா, வேலை செய்யற இடத்தைக் கட்டிக்கிட்டிருக்கியா?"

"இடம் இருந்தாத்தானே வேலை வந்து உக்காரும்?"

"வந்து உக்காந்தா என்னைக் கூப்பிடு. அது மூஞ்சிய நானும் பாக்கணும்."

அவளுக்கு அப்படித்தான் பேச வரும். உள்ளூரப் பெருமைதான்.

மேசை ஆனதும் சாமான்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? மேசைக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பலகையை அடித்து வெள்ளை பூசினேன். ஒவ்வொரு கருவியையும் பலகையோடு சேர்த்துப் பிடித்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே மஞ்சள் அடித்து, தாங்குவதற்கு ஆணி வைத்தேன். சுத்தியலை எடுத்தால் சுவரில் மஞ்சள் சுத்தியல் மிச்சமிருக்கும். குறட்டை எடுத்தால் மஞ்சள் குறடு. எது வீட்டுக்கு வரவில்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். வேலைக்குக் கைக்கெட்டும் தூரம்தான் கணக்கு: அடிக்கடி எடுப்பது தோள் உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேலே, கனமானவை கீழே மேசையை ஒட்டி.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓட்டை, அத்தான்.

அவர் எடுப்பார். வைக்கமாட்டார். இழைப்புளியைக் குளியலறையில் கண்டெடுத்திருக்கிறேன். கதவு ஈரத்தில் ஊறி இறுகிவிட்டதாம். ஜாம் பாட்டிலை என் உளியால் நெம்பித் திறந்தார். ரசமட்டத்தால் ஒரு கரப்பானை அடித்தார். கரப்பான் பிழைத்துக்கொண்டது.

"மாப்ளே, அந்தச் சின்ன ஸ்பேனர் எங்கே?"

"சுவத்துல அதோட படத்துல பாருங்க, அத்தான்."

"படம் இருக்கு, ஆளைக் காணோமே."

"நேத்து நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க."

"நானா?" கொஞ்சம் யோசிப்பார். "ஆமா, நான்தான். சொல்லாம எங்க போச்சோ, பாவம்."

கோபமே வராது அவர் மேல். என் பிறந்தநாளுக்கு, மேசையில் பொருத்திச் சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்று வாங்கித் தந்தவர் அவர்தான். சிவப்பு பெயின்ட் அடித்தது, நல்ல கனம். அதைப் பொருத்திவிட்டு இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். "உங்கக்காவைக் கட்டின அன்னிக்குக்கூட நான் இப்படிப் பாத்ததில்லடா" என்றார். சமையலறையிலிருந்து "கேக்குது" என்று குரல் வந்தது.

ஆகவே முன்விரோதம் என்று நீங்கள் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், சார்.

போன வாரம் சாப்பிடும்போது அத்தான் ஒரு செய்தி சொன்னார். கற்றுக்கொள்ள ஆட்கள் கூடிவிட்டார்களாம், இன்னொரு காரும் வரப்போகிறதாம். இரண்டு காரையும் தெருவில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். இரண்டும் ஷெட்டுக்குள் நிற்க வேண்டும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மேசையைக் கழட்டிடலாம், மாப்ளே. மாடி அறையில போட்டுக்கோ. காத்தும் வரும்."

"மாடியில வெச்சா ஆடும், அத்தான். அந்தத் தரைக்குன்னு வெட்டின காலு."

"ஆடினா என்னடா? காகிதத்தை மடிச்சு வெச்சுக்கலாம்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "ஒரு மேசைக்குப் போய் மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சுக்கறான் பாருங்க" என்றாள். அப்படியானால் நான் சரியாகச் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் ஷெட். அவர்கள் நினைத்தால் கழற்றலாம். எனக்கு நியாயம் தெரியும். பலகையில் கடைசியாக ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது, அதையாவது முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரத்தில் கழற்றப்போகும் பலகையை எதற்கு முடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை, சார்.

காலியாக இருந்தது ஸ்டாண்டின் இடம். காரைத் தூக்கியபின் அடியில் முட்டுக்கொடுப்பார்களே, இரும்பு முக்காலி மாதிரி, அது. அதை வாங்கவைத்தவனே நான். அத்தானின் ஜாக்கி பழையது. ஏறும், ஆனால் ஏறிய இடத்தில் நிற்காது. எண்ணெய் கசிந்து மெல்ல மெல்ல இறங்கும், தூங்கி விழுபவன் தலை மாதிரி. "இதை நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, அத்தான். ஸ்டாண்டு வைக்காம படுத்தீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டியிருக்கிறேன். அக்காவைக் கேளுங்கள், சொல்வாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்தார். கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் கிளட்சில் காலை வைத்தால் வீடு போய்ச் சேரும்வரை எடுக்கமாட்டார்கள். முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். ஒழுங்காக ஸ்டாண்டு வைத்தார். என் பக்கம் திரும்பி, "பாத்துக்கோ, வெச்சிருக்கேன். போட்டுக்கொடுத்துடாதே" என்று கண்ணடித்துவிட்டு அடியில் நுழைந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. ரேடியோவில் என்னவோ பாடிக்கொண்டிருந்தது, ஒரு பாதம் தாளம் போட்டது. அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

நான் மஞ்சள் பெயின்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, கீழே படுத்துப் பாத்தாத்தான் தெரியுது. இடம் தாராளமா இருக்குடா. சாயங்காலம் உன் மேசையை எடுத்துட்டா ரெண்டு வண்டியும் சும்மா வந்து நிக்கும்."

"சரி, அத்தான்."

"மூஞ்சியைத் தூக்கிடாதே."

"இல்ல, அத்தான்."

இல்லைதான். என் மனதில் ஓடியது ஒரே விஷயம். ஸ்டாண்டின் உருவத்தை வரைய வேண்டுமானால் ஸ்டாண்டு வேண்டும். மனதில் வைத்து வரைந்தால் சரியாக வராது. தொங்கவிடும்போது விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஜாக்கியின் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினேன். கார் ஒரு விரல் அளவு எழும்பியது.

"என்ன மாப்ளே, மேலே போறேன்?"

"கொஞ்சம் தூக்கி வெக்கறேன். கை வீசி வேலை செய்யலாம்."

"நீ இருக்கும்போது எனக்கென்னடா கவலை?"

ஸ்டாண்டை உருவி எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். கொஞ்ச நேரம்தான், வரைந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்பதுதான் திட்டம். ஒரு கையால் அதைப் பலகையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், நல்ல கனம். மறு கையால் பென்சில். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, சார். தொடங்கினால் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுற்றி வர வேண்டும். நடுவில் விட்டுத் தொடர்ந்தால் அந்த இடத்தில் கோடு பல்லிளிக்கும்.

"மாப்ளே, வண்டி இறங்கற மாதிரி இருக்கே."

"இதோ வந்துட்டேன், அத்தான்."

அவர் அப்போதே நகர்ந்து வெளியே வந்திருக்கலாம். இடம் இருந்தது. வரவில்லை. நான் சொன்னதை நம்பினார். பிரேக் எது என்று தெரியாதவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவர். நம்புவது அவருக்குத் தொழில். மறுபடி கூப்பிட்டார். அப்போது குரலில் மூச்சு குறைவாக இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டது. அதற்குப் பிறகு குதிகால் தரையில் அடிக்கும் சத்தமும் கேட்டது, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத தாளத்தில்.

நான் கோட்டை முடித்தேன். உள்ளே மஞ்சள் அடித்தேன். ஆணியில் மாட்டிப் பார்த்தேன், மயிரிழைகூடப் பிசகவில்லை. அக்கா காலி வாளியோடு வந்தபோது, பலகையில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. அவள் பலகையைப் பார்க்கவில்லை.

ஜாக்கி ஏமாற்றிவிட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை, ஒரு வகையில் உண்மைதான். ஈரம் காயாத மஞ்சளில் ஒட்டிக்கொண்டு ஸ்டாண்டு சுவரில் தொங்குவதை நீங்கள்தான் பார்த்தீர்கள். நல்ல கண், சார். ஆனால் இப்போது முழுக்கச் சொல்லிவிட்டேன். கொலை என்பது பெரிய வார்த்தை. வரைவதற்கு ஒரு சாமான் தேவைப்பட்டது, எடுத்தேன், வேலை கொஞ்சம் இழுத்துவிட்டது. எந்த நீதிமன்றத்திலும் இதை நிதானமாக விளக்க முடியும் என்றே நினைக்கிறேன். மேசையை மட்டும் சாட்சிப் பொருள் என்று சொல்லிக் கழற்றிவிடாதீர்கள். அக்கா இனிமேல் இரண்டாவது கார் வாங்கமாட்டாள் அல்லவா?

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். கடையில் ஸ்டாண்டு ஜோடியாகத்தான் விற்பார்கள். இரண்டும் ஒரே அச்சு, ஒரே அளவு. எதை வைத்து வரைந்தாலும் ஒன்றுதான். அத்தானுக்கு அன்றைக்கு ஒன்று போதுமாக இருந்தது.

இன்னொன்று மேசைமேல்தான் இருந்தது, என் முழங்கைக்குப் பக்கத்தில். அவசரத்தில் அது கண்ணில் படவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் அதன் தலையில் ஒரு குழிவு இருக்கிறது, சார். டீ கிளாஸ் அதில் கச்சிதமாக உட்காரும். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்கப் போனேன்.