பேர் போடாத பெட்டிசன்

நஸீறா: கைய எடுங்க அக்கா. மதில் ஓட்டைய மூடினா முகம் எப்பிடித் தெரியும்?

அருந்ததி: தெரிய வேண்டாம். நான் உம்மோட கோவம்.

நஸீறா: கோவக்காரி நாலு மணிக்குச் சரியா ஏன் வந்து நிக்கிறீங்க?

அருந்ததி: பூமரத்துக்குத் தண்ணி ஊத்த...

நஸீறா: காலையில மழை பெஞ்சிச்சே.

அருந்ததி: கதையை மாத்தாதையும் நஸீறா. ஆர் அந்தப் பெட்டிசன் எழுதினது?

நஸீறா: எந்தப் பெட்டிசன்?

அருந்ததி: ஆரோ எழுதிப்போட, நேற்றுத் தொல்பொருள் திணைக்கள ஆபிசர் வந்து கேற்றில நோட்டீஸ் ஒட்டிப்போட்டுப் போயிருக்கிறார். எங்கட வீடு அறுபத்திநாலில கட்டினதாம். இந்தப் பூ ஓட்டை வைச்ச கொங்கிறீற்று மதில், தூண் இல்லாத படி, தட்டைக் கூரை... எல்லாம் பாரம்பரியமாம். வந்து பாத்து முடிவு சொல்லுமட்டும் உடைக்கேலாதாம்.

நஸீறா: கூரையுமா? மழைக்கு மூணு வாளி வைக்கிற கூரை?

அருந்ததி: நாலு.

நஸீறா: வாளியும் பாரம்பரியத்தில சேருமோ...

அருந்ததி: சிரியும், சிரியும். வெள்ளிக்கிழமை ஃபிளாட் கட்டிற ஆக்களுக்கு வீட்டை விக்க ஒப்பம் வைக்க இருந்தது. இப்ப கனடாவில தம்பி சயந்தன் துள்ளுறான். பாதி வீடு அவன்ரயெல்லே.

நஸீறா: மதில் போனா எனக்கு நல்லந்தானே. முப்பது வருஷமா இந்த ஓட்டைக்குள்ளால போற கப்பாத் தேடித் தேடித் தேங்காப்பால் வட்டிலப்பம் அவிக்கிறேன்.

அருந்ததி: வாசலால கொண்டு வாறது.

நஸீறா: வாசலால வந்தா நான் விருந்தாளி. நீங்க சீலை மாத்துவீங்க, டீ ஊத்துவீங்க... கதைக்க நேரம் எங்க?

அருந்ததி: டீ ஊத்தாம விடேலுமே.

நஸீறா: அந்த ஆபிசர் எங்கட வீட்டுக்கும் வந்தார். கடிதத்தைக் காட்டினார்.

அருந்ததி: ...காட்டினவரோ?

நஸீறா: பேர் இல்ல. டைப் அடிச்சது. பின்னேர வெயில் இந்தப் பூ ஓட்டையால அறைக்குள்ள வந்து நிலத்தில விழுமாம். அலுமாரி மறைக்கிறதால கட்டில் காலடியில ஏழாவது பூ பாதிதானாம்.

அருந்ததி: வடிவா எழுதியிருக்கு என்ன...

நஸீறா: அக்கா, நான் மதிலுக்கு இந்தப் பக்கம். உங்கட கட்டில் காலடிய நான் எங்க கண்டேன்?

அருந்ததி: பூமரம் காத்துக்கொண்டு நிக்குது.

நஸீறா: தண்ணி ஊத்தலயா?

அருந்ததி: தம்பி வீட்டை விப்பமோ எண்டு கேட்ட உடன ஓமெண்டிட்டன். என்ர வாய்க்கு அது பழகிப்போச்சு நஸீறா. பிறகு ராவெல்லாம் நித்திரை இல்லை.

நஸீறா: விருப்பமில்லையெண்டு தம்பியிட்டச் சொன்னா என்ன?

அருந்ததி: கடிதம் எழுதிறது லேசு. கடிதத்தில நான் இல்லையே... இன்னொண்டு. ஆர் எழுதினதெண்டு தம்பி கேட்டவன். நான்... உம்மட பேரைச் சொல்லிப்போட்டன்.

நஸீறா: தெரியும். ராத்திரி எனக்குக் கோல் எடுத்தார்.

அருந்ததி: ஐயோ. நீர் என்ன சொன்னீர்?

நஸீறா: நான்தான் எழுதினேன், இன்னும் எழுதுவேன் எண்டேன். இப்பவாவது கைய எடுங்க அக்கா, கப் சுடுது.